பாசியா, கொம்பன் சுறாவா? சிவப்புப் பட்டியலில் யாருக்கு நெருக்கடி அதிகம்?

களியக்காவிளை ராஜன்:

சிக்கிம் மலையில் டகாக்கியா செரட்டோஃபில்லா என்று ஒரு பாசி. நம் கடலில் கொம்பன் சுறா (சுத்தியல் மாதிரித் தலை உள்ளது). இரண்டுமே ஐயூசிஎன் என்ற உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் இருக்கின்றன. அந்தப் பாசிக்கு 'அழிவாய்ப்பு இனம்' என்று முத்திரை. கொம்பனில் நம் பக்கம் அதிகமாகக் கிடைக்கும் வகைக்கு (முன்நெற்றி சிப்பி ஓரம் மாதிரி வளைந்து வளைந்து இருக்குமே, அது) 2019-ல் 'மிக அருகிய இனம்' என்று முத்திரை. நடுவில் 'அருகிய இனம்' என்று ஒரு படி இருக்கிறது. அப்படியானால் பாசி இரண்டு படி பத்திரமாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது என்பது என் கட்சி. காரணம், இரண்டையும் அளந்த கோல் ஒன்றல்ல.

சுறாவுக்குப் பார்ப்பது, மூன்று தலைமுறைக் காலத்தில் எவ்வளவு குறைந்தது என்று. 80 விழுக்காட்டுக்கு மேல் போயிருந்தால் மிக அருகியது, 50 என்றால் அருகியது, 30 என்றால் அழிவாய்ப்பு. கொம்பனுக்கு ஒரு தலைமுறை ஏறக்குறைய 24 ஆண்டு என்று வைக்கிறார்கள். அப்போது கணக்கு 72 ஆண்டுக்குப் பின்னோக்கிப் போகிறது. உலகத்தின் வெப்பக் கடல் எல்லாவற்றிலும் இன்னும் நீந்திக்கொண்டிருக்கிற மீன்தான். ஆனால் இருந்ததில் பெரும்பங்கு போய்விட்டது.

பாசியை 72 ஆண்டாக யாரும் எண்ணவில்லை. அதனால் பெரும்பாலும் இடத்தை வைத்துத்தான் முடிவு. எத்தனை சதுர கிலோமீட்டரில் இருக்கிறது, எத்தனை இடத்தில் இருக்கிறது, அந்த இடம் கெட்டுப்போகிறதா. இதில் ஒரு விசித்திரம் உண்டு. ஒரு செடி நாலைந்து இடத்தில் மட்டும் இருக்கிறது, ஆனால் குறைகிறது என்று காட்ட ஆதாரம் இல்லை என்றால், இடம் சுருக்கம் என்ற ஒரே காரணத்தை வைத்து அதை அழிவாய்ப்புக்கு மேல் ஏற்ற முடியாது. விதியே அப்படி. யாரும் போய் எண்ணாத உயிருக்கு இந்த விதி எப்படிப் பாதகமாக முடியும் என்று யோசித்துப் பாருங்கள்.

கடல் தெரிந்தவர்களும் காடு தெரிந்தவர்களும் இந்த மன்றத்தில் இருக்கிறீர்கள். சொல்லுங்கள்.

கொல்லங்கோடு முத்து:

ராஜன் சார், கிணற்றடியில் வழுக்கி விழாமல் இருந்தால் போதும் என்று பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்க்கிற ஊர் இது. பாசிக்கு யார் அழப்போகிறார்கள்? சுறா சரி, அது கடலில் ஒரு வேலை பார்க்கிறது. பாசி போனால் என்ன போகும்?

மூணாறு செல்வி:

முத்து அண்ணே, கிணற்றடியில் வழுக்குவது பெரும்பாலும் ஆல்கா. நான் பேசுவது சோலைக்காட்டு மரத்திலும் பாறையிலும் மெத்தை மாதிரி இருக்கும் பாசி. வேர் கிடையாது, பூ கிடையாது, விதை கிடையாது, உள்ளே தண்ணீர் ஏற்றும் குழாய் அமைப்பும் நம் மரங்களில் உள்ளதுபோல் கிடையாது. உடம்பு முழுவதாலும் பனியையும் மழையையும் குடிக்கும். ஸ்பேக்னம் என்ற பாசி வகை தன் காய்ந்த எடையைப்போல 20 மடங்கு வரை தண்ணீர் பிடித்து வைக்கும். எங்கள் பக்கம் பிப்ரவரி மார்ச்சில் சோலைக்குள் இருந்து ஓடை வற்றாமல் வருவதில் இலைமட்கு, மண், மரம் எல்லாவற்றோடும் இதற்கும் ஒரு பங்கு இருக்கிறது. என்ன போகும் என்று கேட்டீர்கள், அதுதான் போகும்.

ராஜன் சார் கேட்டதற்கு வருகிறேன். பாசியை எண்ணுவது பெரிய தலைவலி. ஒரு மெத்தையில் ஒரு செடியா, ஆயிரம் செடியா? பாசி நிபுணர்கள் ஒரு நடைமுறைக் கணக்கு வைத்திருக்கிறார்கள்: ஒரு சதுர மீட்டர் இடத்தில் இருந்தால் ஒன்று, அல்லது ஒரு மரத்தில் இருந்தால் ஒன்று. முதிர்ந்த உயிர் 250-க்குக் கீழ் என்றால் அருகிய இனம், 50-க்குக் கீழ் என்றால் மிக அருகியது. அதாவது 50 மரத்துக்குக் குறைவாக ஒட்டியிருந்தால் கடைசிப் படி. இங்கிலாந்தில் டெர்பிஷயர் பக்கம் ஒரு பாசி இருக்கிறது. உலகத்திலேயே ஒரே ஒரு ஓடையில், கிட்டத்தட்ட மூன்று சதுர மீட்டர் அளவுக்கு. ஒரு பாயை விரித்தால் மூடிவிடலாம்.

டகாக்கியா கதை இன்னும் சுவாரசியம். 19-ஆம் நூற்றாண்டிலேயே இமயமலையிலிருந்து கொண்டுபோன மாதிரியை வைத்துப் பெயர் சூட்டிவிட்டார்கள். ஆனால் அது பாசியா, பாசிக்கு உறவான ஈரலுருச் செடி வகையா என்றே நெடுங்காலம் தெரியவில்லை. காரணம், கிடைத்ததெல்லாம் பெண் செடி. வித்துப் பையோடு ஒன்றைக்கூட யாரும் பார்த்ததில்லை. 1990-ல் அலாஸ்காவை ஒட்டிய அலூஷியன் தீவுகளில் ஆண் செடியும் வித்துப் பையும் கிடைத்த பிறகுதான் பாசி என்று உறுதியானது. இதன் உறவான இன்னொரு டகாக்கியாவில் ஆண் செடி இன்றுவரை கிடைக்கவில்லை. துண்டு துண்டாக உடைந்து முளைத்துத்தான் பெருகுகிறது.

அந்த இரண்டாவது வகையைத்தான் திபெத்தில் 4,000 மீட்டருக்கு மேலே பத்தாண்டுக்கு மேல் கண்காணித்தார்கள். 2023-ல் முடிவு வந்தது: ஆண்டுக்கு 1.6 விழுக்காடு வீதம் குறைகிறது. வம்சம் 39 கோடி ஆண்டு பழையது. இமயமலை எழுவதற்கு வெகு முன்னாலேயே இருந்தது, மலை எழ எழ அதுவும் கூடவே மேலே போய்ப் பழகிக்கொண்டது. இப்போது சூடு ஏறுகிற வேகத்துக்குத்தான் ஈடுகொடுக்க முடியவில்லை.

வள்ளவிளை சேவியர்:

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகச் சுறாத் தூண்டில்தான் சோறு போட்டது. நீரோடியில் தொடங்கி இரையுமன்துறை வரை எட்டு ஊரிலும் அப்படித்தான். அதனால் இந்த இழையில் வில்லன் வேடம் எனக்குத்தான் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

கொம்பன் குறைந்துவிட்டதா என்றால், ஆம், குறைந்துவிட்டது. எங்கள் ஆட்கள் யாரிடம் கேட்டாலும் இதை மறுக்க மாட்டார்கள். என் அப்பா காலத்தில் விழிஞ்ஞத்துக்கு வெளியே கிடைத்த மீனைத் தேடி, இப்போது ஓமன் பக்கமும் இந்தியப் பெருங்கடல் நடுவில் டீகோ கார்சியா தீவுப் பக்கமும் போகிறார்கள். தூரம் போவது ஆசைக்கு அல்ல. டீசல் விலை உங்களுக்கே தெரியும்.

ஆனால் குறைந்தது எங்களால் மட்டும்தானா? 1970-லிருந்து பெருங்கடல் சுறாவும் திருக்கையும் 71 விழுக்காடு குறைந்தன என்று 2021-ல் ஓர் ஆய்வு வந்தது. இருக்கிற மீன் அளவோடு ஒப்பிட்டால் மீன்பிடி அழுத்தம் அதே காலத்தில் 18 மடங்கு ஏறியது என்றும் அதே ஆய்வு சொல்கிறது. அந்தப் பதினெட்டு மடங்கில் எட்டு கிராமத்து ஆட்களின் தூண்டில் எவ்வளவு, வெளிநாட்டுப் பெருங்கப்பல் எவ்வளவு என்று பிரித்துச் சொல்பவர் யாரும் இல்லை. கடைசியில் கையில் அகப்படுகிறவன் துறைமுகத்தில் நிற்கிறவன்தான்.

2001 ஞாபகம் இருக்கிறதா? ஜூலையில் ஒரே அறிவிப்பில் எல்லாச் சுறாவையும் எல்லாத் திருக்கையையும் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் போட்டார்கள். புலிக்கு உள்ள அதே அட்டவணை. கடலில் இருந்தவனுக்குச் சட்டம் வந்ததே தெரியாது. கரைக்கு வந்தால் குற்றவாளி. போராட்டம் நடந்தது, டிசம்பரில் பத்து வகையாகக் குறைத்தார்கள். அம்மணி உழுவை (திமிங்கலச் சுறா), வேளா மீன் (ரம்ப மூக்கு உள்ளது), பாண்டிச்சேரிச் சுறா போன்றவை அதில் இருந்தன. கொம்பன் இல்லை. அந்த ஐந்து மாதத்தில் சுறாக் காப்பு என்ற பேச்சே எங்கள் ஊரில் கெட்ட வார்த்தை ஆகிவிட்டது. நிதானமாகச் செய்திருந்தால் கொம்பனுக்கு அன்றைக்கே ஏதாவது நடந்திருக்கலாம்.

இன்னொன்று. 'பிடித்தால் விட்டுவிடு' என்பது கொம்பனுக்குச் சரிப்படாது. மற்ற சுறா தூண்டிலில் மணிக்கணக்கில் தாங்கும். கொம்பன் தாங்காது. இழுத்து மேலே கொண்டுவரும்போதே பெரும்பாலும் செத்திருக்கும். செத்த மீனைக் கடலில் எறி என்று சட்டம் சொன்னால் அதில் யாருக்கு என்ன லாபம்? சுறாவுக்கும் இல்லை, எனக்கும் இல்லை.

கொல்லங்கோடு முத்து:

சேவியர் சொல்வது நியாயமாகத்தான் இருக்கிறது. பாசியை நாளைக்கே தடை செய்தால் ஒரு ஆள் தெருவில் இறங்க மாட்டான். சுறாவைத் தடுத்தால் எட்டு ஊர் பட்டினி. அப்போது சுலபமானதை முதலில் செய்ய வேண்டியதுதானே?

மூணாறு செல்வி:

யாரும் தெருவில் இறங்க மாட்டார்கள் என்பதால்தான் யாரும் செய்யவும் இல்லை, அண்ணே.

1972 வனவிலங்குச் சட்டத்தில் செடிக்கென்று தனி அத்தியாயம் 1991-ல்தான் சேர்ந்தது. அப்போது பட்டியலில் ஏறியவை ஆறே வகை: பெடோமின் ஈந்து, நீல வாண்டா, சிவப்பு வாண்டா, குடுவைச் செடி, கோஷ்டம், பெண்ணின் செருப்பு ஆர்க்கிட். எல்லாம் அழகு, அல்லது மருந்து, அல்லது விற்பனை. ஒரு பாசியும் இல்லை. சுறாவுக்குச் சண்டை போடவாவது ஒரு சட்டம் இருந்தது. இங்கே சண்டை போடக்கூட ஒன்றும் இல்லை.

பாசியைக் காப்பது எல்லாம் அது இருக்கிற இடத்தின் சட்டம்தான். இரவிகுளம், மதிகெட்டான் சோலை, பாம்பாடும் சோலை என்று தேசியப் பூங்காவுக்குள் இருந்தால் அதன் நிழலில் பிழைத்துக்கொள்ளும். வேலிக்கு வெளியே ஒரு பாறையில் இருந்தால் அவ்வளவுதான். தேவிகுளம் கேப் ரோட்டை அகலப்படுத்த மலையைக் குடைந்தார்கள், எல்லோரும் பார்த்தோம். நிலச்சரிவு பற்றிப் பேசினோம், போக்குவரத்து பற்றிப் பேசினோம். அந்தப் பாறை முகத்தில் என்னென்ன ஒட்டியிருந்தது என்று யாரும் ஒரு பட்டியல்கூட எடுத்ததாக நான் பார்க்கவில்லை. இருந்தது சாதாரண வகையாக இருக்கலாம், உலகத்தில் வேறெங்கும் இல்லாததாகவும் இருக்கலாம்.

சுறாவையும் திருக்கையையும் எடுத்துக்கொண்டால், இருப்பது ஏறக்குறைய 1,200 வகை. அத்தனையையும் மதிப்பிட்டு முடித்துவிட்டார்கள். மூன்றில் ஒரு பங்குக்கு ஆபத்து என்று 2021-ல் சொன்னார்கள். பாசிக் குடும்பங்களைச் சேர்த்தால் உலகத்தில் 20,000 வகை வரை வரும். உலக அளவில் மதிப்பிட்டது சில நூறு. ஐரோப்பாவில் மட்டும் உட்கார்ந்து முழுதாகச் செய்தார்கள், 2019-ல். அங்கே 22.5 விழுக்காட்டுக்கு ஆபத்து என்று வந்தது. நம் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அப்படி ஒரு கணக்கு எடுத்தால் எவ்வளவு வரும்? பட்டியலில் இல்லை என்பதால் பத்திரம் என்று நினைப்பதுதான் இதில் மோசமானது.

புனலூர் வாசகி:

ஒரு சின்ன விஷயம். இரண்டுமே மனிதனுக்கு வெகு காலம் முந்தியவை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். பாசி 39 கோடி, சுறா 40 கோடிக்கு மேல். டைனோசர் போனபோதும் போகாதவர்கள்.

களியக்காவிளை ராஜன்:

சுறா என்ற கூட்டம் பழையதுதான் அக்கா. ஆனால் கொம்பன் குடும்பம் அதில் கடைக்குட்டி. டிஎன்ஏ வைத்துப் பார்த்தால் சுமார் 2 கோடி ஆண்டுதான். டகாக்கியாவுக்கு முன்னால் நேற்றுப் பிறந்த பிள்ளை. அதனால் 'பழமை' என்று இரண்டுக்கும் ஒரே மாலை போட வேண்டாம். பழசாக இருப்பதால் காப்பாற்ற வேண்டும் என்ற வாதமே எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை.

சேவியரிடம் ஒன்று கேட்க வேண்டும். குட்டி எப்படி? பெரிய கொம்பன் வெளிக்கடலில் என்றால், சந்தையில் சின்னச் சின்னதாக வருகிறதே, அது எங்கிருந்து?

வள்ளவிளை சேவியர்:

கொம்பன் முட்டை இடாது, குட்டி போடும். பத்து மாதம் போலச் சினை. ஒரு ஈற்றில் பன்னிரண்டிலிருந்து நாற்பது குட்டி வரை. நாற்பது என்றவுடன் நிறைய என்று நினைக்காதீர்கள். மத்தி லட்சக்கணக்கில் முட்டை போடுகிற கடல் இது. பெண் சுறா பருவத்துக்கு வரவே பத்துப் பதினைந்து ஆண்டு ஆகும்.

குட்டி போடுவதற்குக் கரைப்பக்கம் ஆழம் குறைந்த இடத்துக்கு வரும். குட்டிகள் கொஞ்ச காலம் அங்கேயே சுற்றும். அங்கேதான் இழுவை மடியும் வலையும் அதிகம். நீங்கள் சந்தையில் பார்க்கும் முழங்கை நீளக் கொம்பன் அப்படி வந்தது. சுறாப் புட்டுக்குக் குட்டிதான் ருசி என்று கேட்டு வாங்குவார்கள். பிள்ளை பெற்ற வீட்டுக்கு வாங்கிப்போகிறேன் என்று சொல்கிறவரிடம் நான் என்ன சொல்ல? பால்சுறா வாங்குங்கள் என்று சொல்லிப் பார்ப்பேன். சிலர் கேட்பார்கள்.

உண்மையைச் சொன்னால் வெளிக்கடல் தூண்டிலைவிடக் கரைக்கடல் குட்டிப் பிடிப்பைக் கட்டுப்படுத்துவதில்தான் கொம்பனுக்குப் பலன் அதிகம் என்பது என் எண்ணம். குட்டி இறங்கும் மாதத்தில், குட்டி இறங்கும் இடத்தில் மட்டும் வலையை நிறுத்தினால் போதும். எந்த இடம் என்று எங்கள் கிழவர்களுக்குத் தெரியும். கேட்கத்தான் ஆள் இல்லை.

துடுப்பு பற்றி யாராவது எழுதுவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். துடுப்பை அறுத்துவிட்டு உடம்பைக் கடலில் எறிகிற பழக்கம் எங்கள் ஊரில் இல்லை. கறி முழுக்கக் கேரளத்தில் விற்கும், மிச்சம் கருவாடு. 2013-ல் துடுப்பு உடலோடு ஒட்டியே கரைக்கு வரவேண்டும் என்றார்கள், எங்களுக்கு அதில் சிரமம் இல்லை. 2015-ல் துடுப்பு ஏற்றுமதியையே நிறுத்தினார்கள், விலை விழுந்தது. பிடிப்பது நின்றதா என்றால் இல்லை, கறிக்கு ஆள் இருக்கிறதே.

நெய்யாறு (மட்டுறுத்துநர்):

இழை நன்றாகப் போகிறது. சுறாப் புட்டு செய்முறை கேட்டு வந்த இரண்டு பதிவுகளைச் சமையல் பகுதிக்கு மாற்றியிருக்கிறேன்.

மூணாறு செல்வி:

சேவியர் அண்ணே எழுதியதைப் படித்த பிறகு ராஜன் சாரின் முதல் பதிவில் ஒரு திருத்தம் போட வேண்டும் போலிருக்கிறது. சுறா 'எடுக்கப்பட்டு' அழிகிறது, பாசி 'இடம் போய்' அழிகிறது என்று நாம் பிரித்துவிட்டோம். ஆனால் கொம்பனுக்கும் குட்டி இறங்கும் இடம் என்று ஒன்று இருக்கிறது. அந்தக் கரை கெட்டால் வெளிக்கடல் எவ்வளவு பரந்திருந்தும் பிரயோசனம் இல்லை.

பாசி எளிதில் சாகும் என்பதும் தப்பு. அண்டார்டிகாவில் சிக்னி தீவில் 1,500 ஆண்டுக்கு மேல் உறைபனிக்குள் கிடந்த பாசியை எடுத்து வெளிச்சமும் ஈரமும் கொடுத்தார்கள், துளிர்த்தது. 2014-ல் வெளிவந்த ஆய்வு. சுறாவில் நெடுநாள் வாழ்வது கிரீன்லாந்துச் சுறா, குறைந்தது 272 ஆண்டு என்று கணக்கிட்டார்கள். பாசியோடு போட்டி போட முடியாது. காயவிட்டாலும் உறையவிட்டாலும் தாங்கும். ஆனால் அதற்கான ஈரமும் நிழலும் ஊரைவிட்டே போய்விட்டால் எழுந்து வேறிடம் போகக் கால் இல்லை.

வள்ளவிளை சேவியர்:

தங்கச்சி, நீ சொன்னதைக் கேட்டதும் ஞாபகம் வந்தது. பாசி மாதிரி ஒரு சுறாவே இருக்கிறது.

ஆழக்கடல் சுறா. கண் பச்சையாக, பெரிதாக ஒளிரும். முதுகில் இரண்டு துடுப்புக்கும் முன்னால் ஒவ்வொரு முள். கறிக்குப் பிடிப்பதில்லை, ஈரலுக்குப் பிடிப்பது. ஈரல் எண்ணெயில் ஸ்குவாலின் என்ற சரக்கு, முகத்துக்குப் பூசும் கிரீமுக்கும் மருந்துக்கும் போகும். 2000-க்குப் பிறகு கொச்சித் துறைமுகத்தில் இது கொஞ்ச காலம் பெரிய வியாபாரம். எங்கள் ஆட்களும் நிறையப் பேர் போனார்கள். வெளிக்கடலில் கண்ட இடத்தில் கிடைக்காது. கடலடித் தரை ஆழத்துக்குச் சரிந்து இறங்கும் கண்டச்சரிவில் குறிப்பிட்ட ஆழத்தில், குறிப்பிட்ட மேட்டில்தான் நிற்கும். அங்கே கயிறு இறக்கினால் முதலில் அள்ளும். அப்புறம் ஒன்றும் இருக்காது. வேறு மேடு தேட வேண்டும்.

இது சினையாகி ஈன்று முடிக்க ஏறக்குறைய இரண்டு ஆண்டு. ஒரு ஈற்றில் பெரும்பாலும் ஒரே குட்டி. யானைகூட இதைவிடக் கஞ்சத்தனம் காட்டாது. மாலத்தீவில் இதே தொழில் 1980-களில் தொடங்கி இருபது ஆண்டுக்குள் படுத்துவிட்டது. 2010-ல் சுறாப் பிடிப்பையே அங்கே மொத்தமாக நிறுத்திவிட்டார்கள். இதில் பெரிய வகைக்கு 'அருகிய இனம்' முத்திரை இருக்கிறது. கொம்பனைவிட ஒரு படி குறைவு. ஆனால் கொம்பன் திரும்பி வந்தாலும் வரலாம், இது ஒரு மேட்டில் போனால் எங்கள் ஆயுளில் அந்த மேட்டுக்குத் திரும்பாது.

கரும்பிலிருந்தும் ஆலிவிலிருந்தும் அதே ஸ்குவாலின் எடுக்கிறார்களாம் இப்போது. இதைக் கேட்டபோது எனக்கு முதலில் வந்தது கோபம்தான். முன்னாலேயே எடுத்திருக்கலாமே.

களியக்காவிளை ராஜன்:

இது நல்ல இடம் சேவியர். அப்படியானால் தலைகீழாகவும் கேட்கலாமே செல்வி: சுறா மாதிரி ஒரு பாசி உண்டா? பரவலாக இருந்தும் மூட்டை மூட்டையாக எடுத்தே தீர்ந்துபோகிற மாதிரி?

மூணாறு செல்வி:

உண்டு சார், எங்கள் ஊர்ச் சந்தையிலேயே பார்க்கலாம். ஆர்க்கிட் நடவும், தொட்டிக்கு மேலே பரப்பவும், நாற்றுக்கட்டின் வேரைச் சுற்றி ஈரமாகக் கட்டவும் மரப்பாசி வேண்டும். மரத்திலிருந்து ஒரே இழுப்பில் உரித்துவிடுவார்கள், சாக்கில் திணிப்பார்கள். அதில் எந்த வகை, எத்தனை வகை என்று வாங்குகிறவருக்கும் தெரியாது, விற்கிறவருக்கும் தெரியாது. கொம்பனாவது தலையைப் பார்த்தால் தெரியும். அமெரிக்காவின் ஓரிகான் காடுகளில் இப்படி உரித்த கிளையில் திரும்பப் பழைய அளவுக்கு மெத்தை பிடிக்கப் பத்திருபது ஆண்டு ஆகும் என்று அளந்திருக்கிறார்கள். கொம்பன் பருவத்துக்கு வரும் காலத்தோடு ஒத்துப்போகிறது பாருங்கள்.

உரிக்கிறவர்களைத் திட்டவும் மனசு வரவில்லை. தோட்டத்தில் வேலை இல்லாத நாளில் ஒரு சாக்குக்குக் கிடைக்கும் காசுக்காகப் போகிறவர்கள். சேவியர் அண்ணன் சொன்ன அதே கதைதான், மலையில் நடக்கிறது.

ஆகவே எனக்கு 'பாசியா சுறாவா' என்ற கேள்வியே இப்போது கொஞ்சம் கோணலாகத் தெரிகிறது. ஆழக்கடல் சுறாவையும் டகாக்கியாவையும் ஒரு பக்கம் வைக்கலாம், இரண்டுக்கும் இடம்தான் உயிர். கொம்பனையும் மரப்பாசியையும் மறுபக்கம் வைக்கலாம், இரண்டுக்கும் சந்தைதான் எமன். முதல் ஜோடிக்கு வேலி வேண்டும், இரண்டாவதுக்கு மாற்று வருமானம் வேண்டும். டகாக்கியாவுக்கு வேலியும் போதாது. சூடு வேலி பார்த்து வருவதில்லை.

கொல்லங்கோடு முத்து:

சரி, ஒப்புக்கொள்கிறேன், பாசியில் இவ்வளவு இருக்கிறது. ஆனாலும் கையில் நூறு ரூபாய் இருந்தால் நான் சுறாவுக்குத்தான் கொடுப்பேன். கணக்கு எடுத்து, காரணமும் தெரிந்து, என்ன செய்ய வேண்டும் என்றும் தெரிந்த விஷயம் அது. பாசியில் முதலில் என்ன இருக்கிறது என்றே தெரியாது என்கிறீர்கள். தெரியாததற்குக் காசு கொடுத்து என்ன செய்ய?

மூணாறு செல்வி:

தெரிந்துகொள்ளச் செலவு பண்ணலாமே அண்ணே. அது சுறாவுக்கு ஆகும் செலவில் ஒரு துளி. படகு வேண்டாம், டீசல் வேண்டாம். ஒரு கைலென்ஸ், காகித உறை, பெயர் சொல்லத் தெரிந்த ஓர் ஆள். அந்தக் கடைசிப் பொருள்தான் கிடைப்பதில்லை. தாவரவியல் படிப்பில் பாசி சில வாரத்தில் முடிந்துவிடும், யாரும் அதை எடுத்து மேலே படிப்பதில்லை. உத்தராகண்டில் நைனிடால் பக்கம் 2020-ல் பாசிக்கென்றே ஒரு தோட்டம் திறந்தார்கள். நம் பக்கம் கோழிக்கோட்டில் மலபார் தாவரவியல் தோட்டத்தில் பாசி வளர்க்கிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளை யானை முகாமுக்குக் கூட்டிப்போகிற பேருந்து ஒரு தடவை அங்கேயும் நிற்கலாம்.

களியக்காவிளை ராஜன்:

முத்து, உங்கள் நூறு ரூபாய் வாதத்தில் ஒரு ஓட்டை. பாண்டிச்சேரிச் சுறா என்று ஒன்று. நம் கடற்கரைப் பெயரையே தாங்கிய மீன், மிக அருகிய இனம். 2001 பட்டியலிலும் இருக்கிறது, சட்டம் முழுசாகக் காக்கிறது. ஆனால் 1979-க்கு அப்புறம் உறுதியான மாதிரி ஒன்றும் கையில் இல்லை. இலங்கையில் ஆற்று முகத்தில் பார்த்ததாகப் பேச்சு வந்தது, உறுதிப்படவில்லை. இங்கே சட்டம் உண்டு, முத்திரை உண்டு, மீனைத்தான் காணோம். தெரிந்தது என்று நாம் நினைக்கும் சுறாவிலும் பாசி மாதிரியே இருட்டு இருக்கிறது.

வள்ளவிளை சேவியர்:

பாண்டிச்சேரிச் சுறாவை எங்கள் வலையில் வந்தாலும் எங்களில் பாதிப் பேருக்கு அடையாளம் தெரியாது. மற்ற சின்னச் சுறா மாதிரியே இருக்கும். வனவிலங்குச் சட்டத்தின் 2022 திருத்தத்தில் சைட்டீஸ் (அருகும் உயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) பட்டியல் உயிர்களுக்குத் தனி அட்டவணையே சேர்த்துவிட்டார்கள், பெயர்கள் எல்லாம் லத்தீனில். ஏலக்கூடத்தில் தமிழிலும் மலையாளத்திலும் படத்தோடு ஒரு பெரிய பலகை வைத்தால் எவ்வளவோ நல்லது. கொச்சியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்து ஆட்கள் வந்து அளந்துகொண்டு போகிறார்கள், அவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். ஆனால் விடிகாலை ஏலத்தில் நின்று கேட்க யாருக்கு நேரம்?

புனலூர் வாசகி:

செல்வி, நீ மரப்பாசி என்றதும் எனக்கு ஒரு கேள்வி. கிறிஸ்துமஸ் குடிலுக்கு எங்கள் தெருவில் பச்சைப் பாசிதான் பரப்புவோம். மலையிலிருந்து சாக்கில் வருவதுதான், விலையும் அதிகமில்லை. அதுவும் இந்தக் கணக்கில்தான் சேருமா?

மூணாறு செல்வி:

சேரும் அக்கா. வாங்காதீர்கள் என்று கட்டளை போட மாட்டேன். ஆனால் ஒரு வாரக் குடிலுக்குப் பத்தாண்டுப் பாசி என்பது கொஞ்சம் அதிகம்தான்.

வள்ளவிளை சேவியர்:

எங்கள் கோவில் குடிலுக்கும் முன்பு பாசிதான் வந்தது. இப்போது கேப்பை முளைக்கவைக்கிறோம் அக்கா. ஓர் இரவு ஊறவைத்து, தட்டில் மணலும் சாணித்தூளும் பரப்பி நெருக்கமாகத் தூவுங்கள், மேலே ஈரச்சாக்கு. முளை விட்டதும் சாக்கை எடுத்துவிட்டு இரண்டு வேளை தண்ணீர் தெளித்தால் போதும். டிசம்பர் பதினைந்து வாக்கில் போட்டால் இருபத்துநாலுக்குச் சரியாக இருக்கும். எலி மட்டும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

புனலூர் வாசகி:

நெல் போட்டால் வராதா?

வள்ளவிளை சேவியர்:

வரும், ஆனால் சீக்கிரம் உயரமாகிச் சாய்ந்துவிடும். ஆட்டுக்குட்டி பொம்மை தெரியாது.